கரண்ட் வைக்கலியா ஸார்?

முதுகுவலி ஒரு ஜனநாயக வியாதி. மேனேஜருக்கும் வரும், பியூனுக்கும் வரும். 2020-ல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2050-ல் இது 84.3 கோடி ஆகுமாம். இத்தனை பேரும் சேர்ந்து ஒரு கட்சி ஆரம்பித்தால் ஆட்சியைப் பிடித்து விடலாம். ஒரே சிக்கல், நாற்காலியில்தான் ரொம்ப நேரம் உட்கார முடியாது!

நான் பிசியோதெரபிஸ்ட். சென்னையில், தாம்பரம் மின்சார ரயில் லைனில் ஒரு கிளினிக்கில் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், ஆபீஸ் விட்டு ஒருக்களித்தபடி நடந்து வரும் இளைஞர் கூட்டம்தான் என் வாடிக்கையாளர்கள். அவர்கள் முதலில் கேட்பது "எனக்கு என்ன ஸார்?" என்று நினைக்கிறீர்களா? கிடையாது.

"கரண்ட் வைக்கலியா ஸார்?"

அதென்ன கரண்ட்? சொல்கிறேன். எந்த பிசியோதெரபி கிளினிக்குக்குள் நுழைந்தாலும் தள்ளுவண்டிகளில் சில பெட்டிகள் இருக்கும். ஒன்றிலிருந்து ஒயர் வந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும். எறும்பு ஊறுகிற மாதிரி குறுகுறுக்கும். அது டென்ஸ். இன்னொன்றில் முதுகில் ஜெல் தடவி, சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி ஒரு குமிழை வைத்துத் தேய்ப்பார்கள். அது அல்ட்ராசவுண்ட். மூன்றாவது, இடுப்பில் பட்டை கட்டி மெதுவாக இழுக்கும் கட்டில். டிராக்ஷன். (எமலோகத்தில் எண்ணெய்க் கொப்பரைக்குப் பக்கத்து அறையில் இருக்கும் அயிட்டம் மாதிரி தெரியும். வலிக்காது, பயப்படாதீர்கள்.) இவை எல்லாவற்றுக்கும் ஜனங்கள் வைத்திருக்கும் ஒரே பெயர், கரண்ட்!

பாட்டி பாஸ், பெட்டி ஃபெயில்

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரு கைடுலைன் வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, தனிக் காரணம் எதுவும் பிடிபடாத கீழ்முதுகு வலிக்கு என்ன செய்யலாம், என்ன செய்ய வேண்டாம் என்று ஒரு பட்டியல். செய்யலாம் என்ற பக்கத்தில்: நோயாளிக்கு விஷயத்தை விளக்கிச் சொல்வது, முறையான உடற்பயிற்சி, மசாஜ், முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சை, வலியைப் பற்றிய பயத்தைப் போக்கும் மனப்பயிற்சி, தேவைப்பட்டால் சில வலி மாத்திரைகள்.

வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்ற பக்கத்தில்: டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ், இடுப்பு பெல்ட்.

ஆக, கிளினிக்கின் முக்கால்வாசி ஃபர்னிச்சர் அவுட்!

இதில் ஒரு வேடிக்கை. 2017-ல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற டாக்டர்கள் அமைப்பு வெளியிட்ட கைடுலைன், புதிதாகப் பிடித்த முதுகுவலிக்கு மேலோட்டமான சூடு கொடுக்கலாம் என்கிறது. அட, நம்ம பாட்டி கொடுத்த ஒத்தடம்! அவர் எந்தப் பரீட்சையும் எழுதாமலே பாஸ். ஒயர், ஸ்விட்ச், சிவப்பு விளக்கு எல்லாம் வைத்திருந்தும் பெட்டி ஃபெயில்.

'யாரோ வெள்ளைக்காரன் ரூம் போட்டு எழுதினதை நாம ஏன் கேக்கணும்?' என்று உங்களில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி.

முனிசிபாலிட்டி ஊழியர்கள் செய்த உபகாரம்

ஒரு காலத்தில் முதுகுவலி என்று போனால் டாக்டர் சொல்கிற முதல் வார்த்தை, 'படு'. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று பலகையில் படுக்கப் போட்டு விடுவார்கள். யாரும் இதைச் சந்தேகப்படவில்லை. வலித்தால் படுப்பதுதானே உலக வழக்கம்?

அமெரிக்காவில் சிலர் சந்தேகப்பட்டார்கள். 203 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேரை 2 நாள் படுக்கச் சொன்னார்கள். மீதிப் பேரை 7 நாள். 1986-ல் முடிவு வெளியானது. குணமானதில் வித்தியாசம் இல்லை. ஆனால் 2 நாள் கோஷ்டி 45 சதவிகிதம் குறைவாக லீவு போட்டது.

அடுத்து ஃபின்லாந்து. ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேர், திடீர் முதுகுவலியோடு வந்தவர்கள். மறுபடி சீட்டுக் குலுக்கல். ஒரு பிரிவுக்கு 2 நாள் படுக்கை. இன்னொரு பிரிவுக்கு முதுகை வளைக்கும் பயிற்சிகள். மூன்றாவது பிரிவுக்கு, 'வலி எவ்வளவு அனுமதிக்கிறதோ அந்த அளவு, வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டிரு'. 1995-ல் முடிவு வந்தது. முதல் பரிசு மூன்றாவது பிரிவுக்கு! கடைசி இடம் படுக்கைக்கு.

(முனிசிபாலிட்டி ஊழியர்கள் வேலை பார்த்தது சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது என்று நக்கல் பண்ணாதீர்கள். உலகத்துக்கே உபகாரம் செய்திருக்கிறார்கள்.)

கைடுலைன் என்பது இப்படிப்பட்ட சீட்டுக் குலுக்கல் சோதனைகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து, சலித்து, எடை போட்டு எழுதுவது. 'என் சர்வீஸில் நான் பார்த்திருக்கிறேன்' என்று ஒருத்தர் சொல்வதைவிட இது கொஞ்சம் கெட்டி.

முதுகுக்கும் தொப்பை உண்டு

போன வருஷம் ஓர் இளைஞர் வந்தார். 27 வயது. தனியார் வங்கியில் வேலை, இன்னும் புரொபேஷன். இடுப்பில் பெல்ட், கையில் கல்யாண ஆல்பம் கனத்துக்கு ஒரு ஃபைல், பக்கத்தில் அம்மா. மூன்று வாரமாகப் படுக்கை. லீவு எல்லாம் தீர்ந்து சம்பளம் வெட்டு ஆரம்பித்தாயிற்று.

"டிஸ்க் நகர்ந்துடுச்சாம் ஸார். உக்காரவே கூடாதுங்கறாங்க. பேங்க்ல நின்னுகிட்டேவா வேலை பாக்க முடியும்? ரிஸைன் பண்ணிட்டு ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன்" என்றார். சும்மா சொல்லவில்லை. ராஜினாமா கடிதம் செல்போனில் டைப் அடித்துத் தயாராக இருந்தது. கடன் வாங்கிப் படிக்க வைத்த அம்மா அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் எல்-4, எல்-5 இடத்தில் 'டிஸ்க் பல்ஜ்' என்று இருந்தது. அந்த இரண்டு வார்த்தைதான் அவரைப் படுக்க வைத்திருந்தது.

உட்கார வைத்து (ஆமாம், உட்கார வைத்துத்தான்) ஒரு சங்கதி சொன்னேன். 1994-ல் வெளியான ஆராய்ச்சி. முதுகுவலியே இல்லாத 98 பேரைப் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தது 36 சதவிகிதம் பேருக்குத்தான். 52 சதவிகிதம் பேருக்கு ஒரு இடத்திலாவது பல்ஜ். ஆனால் ஒருத்தருக்கும் வலி இல்லை! 2015-ல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவிகிதம் பேருக்கு பல்ஜ் இருந்தது.

"அப்ப இது என்ன ஸார்?"

"பல பேருக்கு இது முதுகோட தொப்பை மாதிரி. தொப்பை இருக்குன்னு யாராவது வேலைய ரிஸைன் பண்ணுவாங்களா?"

மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார் என்று அம்மா அப்புறம் சொன்னார்.

அதற்கு முன்னாலேயே சோதனைகளை முடித்திருந்தேன். குதிகாலில் நடக்கச் சொல்லி, நுனிக்காலில் நடக்கச் சொல்லி, முழங்காலில் சுத்தியால் தட்டி, காலை நீட்டித் தூக்கி, தொடு உணர்ச்சி பார்த்து, கேட்க வேண்டிய அபாயக் கேள்விகளைக் கேட்டு... எல்லாம் சரி. பேச்சு இருபது நிமிஷம் ஓடிவிட்டது. அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"பேசிட்டே இருக்கீங்களே தம்பி, கரண்ட் எப்போ?"

முந்நூறு ரூபாய் கேள்வி

இங்கேதான் ஸார் விஷயமே இருக்கிறது. கைடுலைனைப் படிப்பது சுலபம். இன்டர்நெட்டில் பலதும் இலவசமாகவே கிடைக்கிறது. அதை சாயங்காலம் ஏழு மணிக்கு, வெளியே எட்டுப் பேர் காத்திருக்கும்போது, ஓர் அம்மாவின் எதிரில் நடைமுறைப்படுத்துவதுதான் கஷ்டம்.

"எக்ஸர்சைஸ்னா அவன் வீட்லயே பண்ணிப்பானே. அதுக்கு எதுக்குப்பா முந்நூறு ரூபா?" என்றார் அந்த அம்மா. இந்தக் கேள்விக்கு எந்த நாட்டுக் கைடுலைனிலும் பதில் கிடையாது!

நான் சொன்ன பதில் இது: "பரீட்சைக்குப் புஸ்தகம் வீட்லயேதான் இருந்தது, ஏன் டியூஷன் வெச்சீங்க?" அம்மா யோசித்தார். எவ்வளவு செய்வது, எப்போது கூட்டுவது, வலித்தால் நிறுத்துவதா தொடர்வதா, இதைச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

பையனிடம் ஒரு காகிதம் கொடுத்து, வலியால் செய்ய முடியாத மூன்று வேலைகளை எழுதச் சொன்னேன். 'டெஸ்க்கில் 40 நிமிஷம் உட்காருவது. ஷூ லேஸ் கட்டுவது. ஸ்டேஷன் வரை பைக் ஓட்டுவது.' ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மார்க். முதல் நாள் மார்க்: 2, 3, 0. வலி எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் நோயாளியின் கவனம் வலியிலேயே இருக்கும். வேலைக்கு மார்க் போடும்போது அவர் வாழ்க்கை எவ்வளவு திரும்பி வந்திருக்கிறது என்று தெரியும்.

பயிற்சி? பெரிசாக ஒன்றுமில்லை. நாளைக்கு இரண்டு வேளை பத்துப் பத்து நிமிஷ நடை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தி இறக்குவது. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. அரை மணிக்கு ஒருமுறை சீட்டை விட்டு எழுந்திருப்பது. வாரா வாரம் கொஞ்சம் கூட்டுவது. ஒத்தடம் கொடுக்கும் டிபார்ட்மென்ட்டை அம்மாவிடம் ஒப்படைத்தேன். கட்சி சமாதானமாயிற்று.

அடுத்த எதிர்ப்பு கிளினிக் முதலாளியிடமிருந்து. நல்ல மனுஷர்தான். "டிராக்ஷன் கட்டில் காலியாவே கிடக்குதே. இ.எம்.ஐ. நான் கட்டறேன். ஜெனிவாக்காரனா வந்து கட்டப் போறான்?" என்றார். அவர் கணக்கு அவருக்கு. மெஷினுக்கு இவ்வளவு என்று பில் போடும் கிளினிக்கில், மெஷின் வேண்டாம் என்று சொல்கிற ஊழியன் நஷ்டக் கணக்கு. 'மெஷினுக்குப் பதிலாக, ஒரு தடவை வந்தால் இவ்வளவு என்று வாங்கலாம். ஒரு மாசம் பார்க்கலாம்' என்று பேரம் பேசினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ராத்திரி பதினோரு மணி

மூன்றாவது வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு போன். "ஸார்... திரும்பப் பிடிச்சிடுச்சு. டிஸ்க் மொத்தமா வெளிய வந்துடுச்சா?" இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கியிருக்கிறார். குரல் நடுங்கியது.

கைடுலைன் ஜெயிப்பதும் தோற்பதும் இந்த மாதிரி ராத்திரிகளில்தான். 'காலைல வாங்க, கரண்ட் வெச்சிடலாம்' என்று சொன்னால் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் 'என் முதுகு உடைந்த சாமான், மெஷின்தான் ஒட்ட வைக்கும்' என்ற பழைய பயம் மறுநாள் முதல் நிரந்தரமாகக் குடியேறி விடும்.

"யூரின் சரியாப் போகுதா? தொடைக்கு நடுவுல மரத்துப் போன மாதிரி இருக்கா? கால் துவளுதா?" கேட்டேன். ஒன்றுமில்லை. "அப்போ ஒத்தடம் குடுத்துட்டுத் தூங்குங்க. காலைல அஞ்சு நிமிஷம் நடங்க."

அவர் எதிர்பார்த்தது ஆம்புலன்ஸ். கிடைத்தது ஐந்து நிமிஷ நடை.

காலையில் மறுபடி பெல்ட்டோடு வந்தார். கழற்றச் சொல்லி நான் மல்லுக்கட்டவில்லை. பேசிக்கொண்டே வராந்தாவில் நடந்தோம். மூன்றாம் நாள் பெல்ட் தானாகக் காணாமல் போயிற்று.

ஏழாவது வாரம் மார்க்: உட்காருவது 8, லேஸ் 9, பைக் 7. வலி சில நாள் எட்டிப் பார்க்கிறது, பார்த்துவிட்டுப் போகிறது. ராஜினாமா கடிதம் அனுப்பப்படவில்லை. வேலை நிரந்தரமாகி விட்டது. கிளினிக்கில் டிராக்ஷன் கட்டில் இன்னும் இருக்கிறது. துவைத்த துண்டுகளை அடுக்க வசதியாக இருக்கிறது.

உடனே 'பார்த்தீர்களா, பிசியோ சாதனை!' என்று கைதட்டாதீர்கள். ஒரே ஓர் ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. புதிதாகப் பிடித்த முதுகுவலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே கணிசமாகக் குறையும். கரண்ட் வைத்துக்கொண்டவருக்கும் குறையும், பேர் மட்டும் கரண்ட்டுக்குப் போகும்! அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் சீட்டுக் குலுக்கல், 186 பேர் எல்லாம். அந்த இளைஞரின் விஷயத்தில் நான் சந்தோஷப்படுவது வேறொன்றுக்கு. தன் முதுகைப் பார்த்து அவர் இப்போது பயப்படுவதில்லை.

எழுதினவருக்கே அடி

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1994 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு மத்திய அரசு நிறுவனம், திடீர் முதுகுவலிக்குக் கைடுலைன் வெளியிட்டது. பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவையில்லை, எடுத்த எடுப்பில் ஸ்கேனும் வேண்டாம், நடமாடட்டும் என்கிற ரகம். முதுகெலும்பு ஆபரேஷன் செய்கிற சில டாக்டர்களுக்கு வந்ததே கோபம்! அரசியல்வாதிகளைப் பிடித்தார்கள். 1995-ல் அந்த நிறுவனத்தையே இழுத்து மூடப் பார்த்தார்கள். தப்பித்தது, ஆனால் நிதியில் வெட்டு. அப்புறம் கைடுலைன் எழுதும் வேலையையே அது நிறுத்திவிட்டது.

எங்கள் ஜாதியும் யோக்கியம் இல்லை. பல நாடுகளில் நடந்த 94 ஆய்வுகளைச் சேர்த்து 2019-ல் ஒரு கணக்கு வந்தது. எலும்பு, மூட்டு, தசை வலிகளுக்குக் கைடுலைன் சொல்கிற சிகிச்சையைக் கொடுப்பதாகச் சொன்ன பிசியோக்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான்.

நல்லபடியாக நடந்த கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம். 1997-ல் ஆரம்பித்து, 'முதுகுவலி என்றால் படுத்து விடாதே' என்று டி.வி.யில் விளம்பரம் போட்டார்கள். சோப்பு விளம்பரம் மாதிரி, பிரபலங்களை வைத்து. முதுகுவலிக்காக நஷ்டஈடு கேட்கும் ஊழியர்களின் எண்ணிக்கை குறைந்தது. டாக்டர்களின் எண்ணம்கூட மாறியது. விளம்பரம் போடாத பக்கத்து மாநிலத்தில் இந்த மாற்றம் இல்லை. டாக்டர் காதில் மட்டும் ஓதினால் போதாது, வலிக்கிறவரிடமும் சொல்ல வேண்டும். அதனால்தான் மெடிக்கல் புத்தகத்தை விட்டுவிட்டு உங்களிடம் வந்திருக்கிறேன்.

ஒரு நிமிஷம், ஜாக்கிரதை!

'நடந்தா சரியாயிடும்னு பத்திரிகைல போட்டிருந்தான்' என்று எல்லா வலியையும் நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். கைடுலைனின் முதல் வேலையே ஆபத்தான கேஸைச் சலித்து எடுப்பதுதான். கீழே உள்ளவை இருந்தால் பிசியோவும் வேண்டாம், நடையும் வேண்டாம், தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்:

• சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, அல்லது சிறுநீர் வராமல் நின்றுபோவது
• தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப் போவது
• கால் பலம் குறைவது, பாதம் தொய்வது
• முதுகுவலியோடு ஜுரம், அல்லது காரணமில்லாமல் எடை குறைவது
• முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி
• விழுந்து அடிபட்ட பின் வரும் கடும் வலி

இதெல்லாம் இல்லை, சாதாரண ஆபீஸ் முதுகுவலிதான் என்றால், உங்கள் டாக்டரிடமோ பிசியோவிடமோ தயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று: இந்த ஸ்கேன் முடிவால் சிகிச்சை மாறப் போகிறதா? இரண்டு: இந்த மெஷினை வைக்காவிட்டால் என்ன ஆகும்? மூன்று: வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் ஒதுக்குகிறவர் கிடைத்தால் விட்டு விடாதீர்கள். அவர் கேட்கும் முந்நூறு ரூபாயில் பேரமும் பேசாதீர்கள்!

கடைசியாக ஒன்று. இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்திருங்க ஸார். டீ குடிக்கப் போங்க. லிஃப்ட் வேண்டாம், மாடிப்படி!